தீமலைத் தீவினின்று வந்த வினா

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரைச் சூழ்ந்த நாடு ஏரிகளால் உயிர்வாழ்வது. பாலாறும் செய்யாறும் ஆண்டிற் பல திங்கள் வெறும் மணலாய்க் கிடத்தலின், மழை பொழிந்தபோது அந்நீரைக் கரையிட்டுத் தேக்கிக் கொள்ளுதலே அந்நாட்டார் முன்னாளிற் கண்ட வழி. பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் எனப் பெயர் பெற்ற உத்திரமேரூர்ப் பேரேரியும், ஏரிவாரியத்தாரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறும் முதற் பராந்தக சோழன் காலத்துக் (கி.பி. 919, 921) கல்வெட்டுக்களும் இதற்குச் சான்றாம். அவ்வேரிநாட்டு ஊர்களுள் ஒன்று மானாம்பதி. அங்கு ஏர்பிடிப்போன் மழையை ஐயுறுவான், விலையை ஐயுறுவான்; தன் காலின்கீழ் உள்ள நிலத்தை ஐயுற்றதில்லை.

அவ்வூரில் ஓய்வுபெற்று வாழும் தமிழாசிரியர் ஒருவர் உளர். மெய்கண்ட சாத்திரங்களை முறையாகப் பாடங்கேட்டவர். வெள்ளிக்கிழமைதோறும் சிறுவர் சிலரைக் கூட்டித் தேவாரமும் திருவாசகமும் கற்பிப்பவர். பொருளுணராது ஓதுதல் உமியைக் குற்றுதல் போலும் என்பது அவர் உறுதியான கொள்கை. தீமிதி, பலி, ஆவேசம் என்பவற்றைக் கண்டால் அவர்க்கு முகஞ்சுளிக்கும். நாற்பது ஆண்டுகளாக அவர் தீமிதிக்களம் ஒன்றிலும் அடி வைத்ததில்லை.

2019-ஆம் ஆண்டு ஆடித்திங்களில், மழை பொய்த்து ஏரிகள் எல்லாம் வெடித்துக் கிடந்த காலத்தில், அவர் வீட்டு வாயிலில் ஒரு வண்டி வந்து நின்றது. காஞ்சியில் அத்திவரதர் காட்சிக்குத் திரண்ட கூட்டத்தாற் சாலையெல்லாம் நெருங்கியிருந்தமையின், காலையில் வரவேண்டியவர்கள் மாலையில் வந்து சேர்ந்தனர். வந்தவர் முதிய அம்மையார் ஒருவரும் அவர் தம்பியும். முகத்தை நோக்கினால் அடுத்த ஊரினர் என்றே கூறலாம். வாய் திறந்தால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிரெஞ்சு மொழியும் தமிழும் வல்ல புதுச்சேரி அன்பர் ஒருவர் உடன்வந்து இருதிறத்தார்க்கும் இடைநின்று உரைத்தார். அவர்கள் இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் என்னும் தீவினர். அவர்தம் பாட்டனாரின் தந்தையார் ஒப்பந்தக் கூலியாய்க் கப்பலேறியபோது எழுதப்பட்ட பதிவேட்டின் படியொன்று அம்மையார் கையில் இருந்தது. அதில் ஊர்ப்பெயர் 'மனம்பதி' என்று படிக்குமாறு பிரெஞ்சு எழுத்திற் காணப்பட்டது. மாவட்டப் பெயர் எழுதிய இடம் மைபடர்ந்து அழிந்திருந்தது.

"ஐயா, அது இவ்வூர்தானா? அங்ஙனமாயின் இம்மண்ணிற் சிறிது கொண்டுபோய் எங்கள் மூத்தோர்க்குப் படையலிடும் இடத்தில் வைக்க விரும்புகின்றேம்" என்று அம்மையார் வினவினார்.

ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. தஞ்சைப் பகுதிக்குச் சென்று பத்துநாளில் மீளுவதாகச் சொல்லி அவர்கள் போயினர். அப் பத்துநாளும் அவர் வேறொன்றும் செய்யாமல், மொழிபெயர்ப்பாளர் விட்டுச்சென்ற நூல்களையும் பேரன் தேடித்தந்த கட்டுரைகளையும் கொண்டு அத்தீவின் இயல்பை அறிவதிலேயே முனைந்திருந்தார்.

ரீயூனியன், மடகாசுகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 430 மைல் தொலைவில், மொரீசியசுக்குத் தென்மேற்கே நூறு மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், மகரரேகைக்கு அணித்தாக உள்ளது. பரப்பு 970 சதுர மைல். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினும் மிகச் சிறியது. ஆயினும் அதன் நடுவே எழுந்த பனிச்சிகரம் 10,000 அடிக்கு மேல் உயர்ந்தது. அஃது அவிந்த எரிமலை. பன்னீராயிரம் ஆண்டுக்கு மேலாக உறங்குவது. அதன் பக்கங்கள் இடிந்தும் மழையால் அரிப்புண்டும் மபாத், சிலாவோசு, சலாசி என மூன்று மாபெருங் குடைவுகள் ஆயின. மபாத் என்னும் குடைவுக்கு இன்றும் வண்டிச்சாலை இல்லை, நடந்தே புகவேண்டும். முற்காலத்தில் அடிமைத்தளையினின்று தப்பியோடினோர்க்கு அம்மலையிடுக்குகளே புகலாயின.

தென்கிழக்கிலுள்ள மற்றொரு மலை உறங்குவதில்லை. அதற்கு அந்நாட்டார் இட்ட பெயர் 'உலைச்சிகரம்' எனப் பொருள்படும். 8,600 அடிக்கு மேற்பட்ட அம்மலை பதினேழாம் நூற்றாண்டு முதல் நூற்றைம்பது முறைக்கு மேல் தீக்கான்றுள்ளது. பெரும்பாலும் அது வெடித்துச் சிதறுவதன்று; பிளந்த வாயினின்று உருகிய கல் ஊற்றெனக் கிளர்ந்து, கஞ்சி பொங்கி வழிவதுபோல வழிந்து, ஆளற்ற கிழக்குச் சரிவின்வழியே கடலை நோக்கி இறங்கும். 1977-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அத்தீயாறு வழக்கமான எல்லை கடந்து ஓர் ஊருட் புகுந்து வீடுகளை விழுங்கிற்று. அங்கிருந்த மாதாகோயிலை இருபுறமும் சூழ்ந்து, வாயிற்படியளவில் நின்று இறுகிற்று. 2007-ஆம் ஆண்டு ஏப்பிரலில் உச்சியிலுள்ள பெருவாய் ஆயிரம் அடியளவு உள்ளே சரிந்தது. தீயாறு நெடுஞ்சாலையை மூடிக் கடலிற் பாய்ந்து புதுநிலம் ஆக்கிற்று.

அதே ஆண்டு பிப்ரவரித் திங்களில் வீசிய புயலின்போது அம்மலைமேல் மூன்று நாளிற் பெய்த மழை 154 அங்குலத்துக்கு மேல். காஞ்சிப் பகுதியில் ஓராண்டு முழுதும் பெய்வது ஏறக்குறைய 47 அங்குலம். மூன்றாண்டு மழை மூன்று நாளில்! வறண்ட ஏரியை நோக்கியவாறு திண்ணையில் அமர்ந்து இதனைப் படித்த ஆசிரியர் நூலை மூடிவைத்துச் சிறிதுபோது பேசாதிருந்தார்.

தீயாற்று நிலம் மீண்டும் உயிர்பெறும் முறை அவரைப் பெரிதும் ஈர்த்தது. ஆறிய கருங்கல்மேல் முதலில் தோன்றுவது வெண்சாம்பல் நிறத்ததாகிய ஒருவகைக் கற்பாசி. நம் சமையற்கட்டிற் கறிப்பொடிக்கு இடும் கல்பாசிக்கு உறவானது. பின்னர்ப் பிளவுகளிற் பன்னங்கள் முளைக்கும். அவை மக்கிச் சிறிது மண்ணான பின்னரே மரங்கள் வேரூன்றும். மழைமிகுந்த பக்கத்தில் இஃதெல்லாம் விரைவில் நிகழும். ஆயினும் பழைய அடர்காடு மீள நூற்றாண்டுகள் பல வேண்டும்.

இனி வியப்புக்குரிய செய்தி ஒன்று. அத்தீவின் அடியிலுள்ள தீயூற்று அங்கேயே புதிதாய்ப் பிறந்ததன்று. ஏறக்குறைய ஆறுகோடியே அறுபது லட்சம் ஆண்டுகட்குமுன், இந்திய நிலப்பாறை இன்னும் தெற்கே இருந்தபோது, அதே ஊற்று அதன் கீழே கிளர்ந்து, தக்காண நாட்டைப் படைபடையாகக் கருங்கல்லால் மூடிற்று என்பது நிலநூலார் பெரும்பாலோர் கொள்கை. நிலப்பாறை வடக்கே நகர்ந்தது. ஊற்று கீழே நின்றது. நகர்ந்த வழியெல்லாம் கடலடியிற் சுவடு பதிந்தது. இலட்சத் தீவு, மாலத் தீவு ஆகியவற்றின் அடிமேடுகள் அச்சுவட்டில் உள்ளன. எண்பது, தொண்ணூறு லட்சம் ஆண்டுகட்குமுன் மொரீசியசு எழுந்தது. அதற்கும் மிகப் பின்னர் ரீயூனியன் எழுந்தது. ஆகவே அத்தீவினை உருக்கும் தீயே எல்லோராவின் மலைக்கல்லையும் ஆக்கியது. எட்டாம் நூற்றாண்டில் இராட்டிரகூட வேந்தன் முதற் கிருட்டிணன் காலத்தில் மேலிருந்து கீழாகக் குடைந்தெடுத்த கயிலாயநாதர் கோயில், முன்னொருகால் உருகியோடிய அக்கல்லிலே நிற்கின்றது. பெருமானைத் தீவண்ணன் என்று ஓதுவோர் இதனைக் கேட்டு மகிழாதிரார்.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். திருவண்ணாமலையை அவிந்த எரிமலை என்று சிலர் மேடையிற் பேசியும் எழுதியும் வருகின்றனர். அம்மலை உலகின் மிகப் பழைய பாறைவகைகளைச் சார்ந்தது, எரிமலையன்று. அழற்பிழம்பாய் நின்ற வரலாறு புராணம் உணர்த்தும் பொருள். அதற்கு நிலநூலிற் பொய்ச்சான்று தேடுதல் புராணத்துக்கும் இழுக்கு, நிலநூலுக்கும் இழுக்கு.

அத்தீவிற் பழங்குடிகள் இலர். பதினேழாம் நூற்றாண்டின் இடையிற் பிரெஞ்சுக்காரர் குடியேறும்வரை அங்கே மனிதர் வாழ்ந்ததில்லை. அவர்கள் அதற்குப் பூர்போன் எனப் பெயரிட்டனர். 1793-ஆம் ஆண்டில் ரீயூனியன் என்னும் பெயர் வந்தது. காப்பித் தோட்டத்துக்கும், பின்னர்க் கரும்புத் தோட்டத்துக்கும் ஆப்பிரிக்காவினின்றும் மடகாசுகரினின்றும் அடிமைகளைக் கொணர்ந்தனர். 1841-ஆம் ஆண்டில் எட்மோன் அல்பியூசு என்னும் பன்னிரண்டு அகவைச் சிறுவன், ஓர் அடிமை, வனிலாக் கொடியின் பூவைக் கையாற் சூல்கொளச் செய்யும் முறையைக் கண்டான். இன்று உலகெங்கும் வழங்குவது அம்முறையே. 1848-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் அடிமைமுறை ஒழிந்தது. அறுபதினாயிரவர் விடுதலை பெற்றனர். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமன்றோ? தோட்டக்காரர் கண் தமிழ்நாட்டின்மேல் விழுந்தது.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புதுச்சேரி, காரைக்கால், சென்னை முதலிய துறைகளினின்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தமிழர். 1860-ஆம் ஆண்டின் ஆங்கில, பிரெஞ்சு உடன்படிக்கையால் ஆங்கிலர் ஆண்ட மாவட்டத்தாரும் அவ்வாறு செல்ல இசைவு பெற்றனர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. நிலமற்ற ஏழைகளே பெரும்பாலும் சென்றனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் ஊரில் இருந்தால் இறப்பு, கப்பலேறினால் ஒருகால் பிழைப்பு என்னும் நிலையும் வந்தது. கொடுமைகள் பற்றிய முறையீடு மிகுந்தமையால் 1882-ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் அதனை நிறுத்தினர். போனவருள் மீண்டவர் சிலர். எஞ்சியவர்தம் பெயர் பிரெஞ்சு எழுத்தர் செவிக்கு எட்டியவாறு குடிப்பெயராய் உறைந்தது: கிருட்டிணன் 'கிச்செனின்' ஆனான், பிள்ளைகட்குக் கிறித்தவப் பெயர்கள் முன்னே சேர்ந்தன. பலர் ஞானமுழுக்கும் பெற்றனர். ஆயினும் கோயிலை விட்டாரில்லை. மாதாகோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் ஒருங்கே செல்லும் குடும்பங்கள் அங்கே பலவாம்.

அத்தீவினர் தமிழ்வழியினரை 'மலபார்' என்பர். வீட்டிலும் வீதியிலும் வழங்குவது பிரெஞ்சினின்று கிளைத்த கிரியோல் மொழி. தமிழ் பேச்சு வழக்கினின்று நீங்கிப் பல தலைமுறை ஆயிற்று. எனினும் ஊறுகாய் 'ருகாய்' என்று இலையில் உள்ளது. முருங்கைக்கீரை 'முரும்' என்று சட்டியில் உள்ளது. பூசாரி 'புசாரி' என்றும், முனீசுவரன் 'மினி' என்றும், பாஞ்சாலி 'பாந்தியாலே' என்றும், மதுரைவீரன் 'மல்தேவிலேன்' என்றும் வழங்கப்பெறுவர். கப்பலிற் கடலைக் கடந்தபோது நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டமையால், கோயில்களில் அவர்க்குக் கொடிமரம் நாட்டி 'நர்குலான்' என்று வணங்குவர். மூத்தோர்க்குச் சாம்பிராணி இட்டுப் படைக்கும் நாளுக்குச் 'சம்பிலானி' என்பதே பெயர்.

எல்லாவற்றினும் சிறந்தது பாஞ்சாலியின் தீமிதி. பதினெட்டுநாள் நோன்பிருந்து, பாரதக் கதை கேட்டு, கனன்ற குழியைக் கடப்பர். இரவெல்லாம் 'நர்ல்கோன்' ஆடுவர். அச்சொல் நாடகம் என்பதன் தேய்வு. வாத்தியார் தமிழ்ப்பாட்டுப் பாடிக் கிரியோல் மொழியிற் பொருள் விளக்குவார். இச்செய்தியைப் படித்த ஆசிரியர்க்கு ஊன்றிய கோல் நழுவியது போலாயிற்று. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை முதல் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள்வரை, கோடையில் ஏரி வற்றியபின் பாரதம் படித்துக் கூத்தாடித் தீமிதிக்கும் வழக்கம் இத்தொண்டைநாட்டுக்கே சிறப்பாக உரியது. தாம் வீட்டுக்கதவை அடைத்துக்கொண்டு கேளாதிருந்த அதே மத்தளவோசை, மூவாயிரம் மைலுக்கு அப்பால், வேறு மொழி பேசும் மக்களிடையே நூற்றைம்பது ஆண்டு அவியாதிருந்தது என்பதனை அவர் அன்று அறிந்தார்.

பத்தாம் நாள் அம்மையாரும் தம்பியாரும் மீண்டனர். தம்பியார் முதலிற் கேட்டது ஊரைப் பற்றியன்று. தம் தோட்டத்துக் கோயிலில் காளிக்கும் மதுரைவீரனுக்கும் ஆடு பலியிடுவது முன்னோர் வழக்கம் என்றும், அண்மைக்காலத்தில் இந்தியாவினின்று குருக்களும் சிற்பிகளும் வந்து பெருங்கோயில்கள் ஆகமமுறைப்படி எழுந்தபின், பலியிடுவோரைப் பிறர் இழித்துரைக்கின்றனர் என்றும், உறவினர் இருகட்சியாய்ப் பிரிந்துவிட்டனர் என்றும் கூறி, "சாத்திரம் என்ன சொல்கின்றது, ஐயா?" என்றார்.

"உயிர்க்கொலை ஆகாது" என்று ஆசிரியர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். மொழிபெயர்ப்பாளர் கண்ணப்பநாயனார் ஊனமுது படைத்த வரலாற்றை மெல்ல எடுத்தார். பலிக்குத் துணைதேடுவோர் எல்லாரும் கண்ணப்பரை இழுத்துவருதல் வழக்கமே. ஆசிரியர் அதற்கு உடன்படவில்லை. தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார் செயல் ஆட்டின் கழுத்தை அறுப்பார்க்குச் சான்றாகாது என்றார். பின்னர்க் குரல் தாழ்த்தி, "ஆனால் உம் முன்னோரை இகழ்தற்கு எவர்க்கும் உரிமையில்லை. பிறதெய்வ வழிபாட்டுக்கும் நின்று பயன் அளிப்பவன் சிவபெருமானே எனச் சிவஞானசித்தியார் துணிந்துள்ளது. சாத்திரம் கற்றவர் எவரும் அந்நாளில் அவரோடு கப்பலேறவில்லை. ஏறியிருப்பின் வழக்கம் வேறாயிருக்கும்" என்றார். அம்மையார் இதனைக் கேட்டு நெடுநேரம் தம்பியை நோக்கியிருந்தார்.

அன்று மாலை அணித்தாகிய ஒரு சிற்றூரில் திரௌபதியம்மன் தீமிதி. விருந்தினர் காணவேண்டும் என்றனர், துணைசெல்ல வேறெவரும் இலர், ஆசிரியர் சென்றார். பறையொலி கேட்டவுடனே தம்பியாரின் விரல்கள் தொடைமேல் அதே அடவைத் தட்டின. கூட்டத்தில் வழிகேட்கவும் சொல்லறியாத அம்மையார், குழியருகே நின்று, எப்போது மஞ்சள்நீர் தெளிப்பர், எப்போது கரகம் இறங்கும் என்பதனை ஒவ்வொன்றும் நிகழுமுன்னரே கைகாட்டி உணர்த்தினார். தீக்குழி கனன்றது. அம்மையார் கைகூப்பி ஏதோ முணுமுணுத்தார். ஆசிரியர் செவிசாய்த்தார். முதலில் ஒன்றும் புலப்படவில்லை. இரண்டாமுறை கேட்டபோது, ஆற்றிலுருண்ட கல்போல முனைகளெல்லாம் தேய்ந்த தமிழ் அது என்று தெரிந்தது. தம் பாட்டியார் வாய்வழி வந்த துதி என்றும், பொருள் அறியோம் என்றும் அம்மையார் கூறினார்.

திரும்பி வந்தபின் விளக்கேற்றி, அவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதினார். பாதிக்குமேல் சொற்கள் மீண்டன. துதியின் நடுவே 'வலிதுனே' என்று ஒன்று வந்தது. "இவர் யாவர் என்று அறியேம், எங்கள் வீட்டுத் தெய்வங்களுள் ஒருவர். பயணம் புறப்படுமுன் இவர்க்கு ஒரு விளக்கு வைப்போம்" என்றார் அம்மையார்.

ஆசிரியர் புன்முறுவல் செய்தார். "அம்மா, அது தெய்வத்தின் பெயரன்று. வழித்துணை என்பது அச்சொல். வழியில் உடன்வருபவர் என்று பொருள்" என்று திருத்தத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் அதனைப் பிரெஞ்சிற் கூற வாய்திறக்கு முன்னரே ஆசிரியர் கையமர்த்தினார். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளிய பெருமானுக்கு மார்க்கபந்து என்பது வடமொழிப் பெயர். வழித்துணைநாதர் என்பது தமிழ்ப் பெயர். தனிவழி அஞ்சிய வணிகர் ஒருவர்க்கு உடன்சென்ற வரலாற்றால் வந்த பெயர் அது. ஆசிரியர் இளமையில் அத்தலத்துக்குச் சென்றதுண்டு. கோயில் மதிலைக் கண்டு வியந்ததும் உண்டு. அப்பெயர் அந்நேரம் அவர் நினைவிற்கு வரவில்லை. பொருளறியாதவர் வீட்டிலோ அதற்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யான் கூறியது தவறு. அது தெய்வத்தின் பெயரே. நீவிர் வைக்கும் விளக்கு வைக்கவேண்டியவர்க்கே வைக்கப்படுகின்றது" என்றார். அதற்குமேல் அவர்க்குச் சொல் எழவில்லை.

ஊரைப் பற்றிய விடையும் கூறவேண்டியிருந்தது. ஆம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் மூவாயிரம் மைல் கடந்து வந்த இருவர் நிறைவோடு போவர். ஆசிரியர் அதனைச் சொல்லவில்லை. உத்திரமேரூரை அடுத்த இவ்வூர் ஒன்று. திருப்போரூர்ப் பக்கத்தில் இதே ஒலியில் ஓர் ஊர் உண்டு. கும்பகோணத்துப் பக்கத்தில் மானம்பாடி உண்டு. மாவட்டப் பெயர் அழிந்த ஏட்டைக்கொண்டு இன்னதென்று துணிதல் தம்மால் இயலாது என்றார். அம்மையார் முகம் சிறிது வாடிற்று. பின்னர், மூன்றூர் மண்ணும் கொண்டுபோகலாமா என்று வினவினார்.

இருட்டில் ஏரிக்கரைக்கு விளக்கெடுத்துச் சென்று, வெடித்த வண்டலில் ஒரு கட்டியை ஆசிரியரே பெயர்த்துத் தாளில் மடித்து அவர் கையில் அளித்தார். துதியைத் தமிழெழுத்தில் ஒருபக்கமும், மொழிபெயர்ப்பாளர் உதவியாற் பிரெஞ்செழுத்தில் மறுபக்கமும் எழுதி, தேய்ந்து புலப்படாத சொற்களுக்குப் புள்ளியிட்டு இடம்விட்டுக் கொடுத்தார். மறுநாட் காலை அவர்கள் திருப்போரூர் வழியே புறப்பட்டனர். போகுமுன் விரிஞ்சிபுரத்துக்கு வழிகேட்டு, அதனையும் அத்தாளின் ஓரத்திற் குறித்துக்கொண்டனர்.